ஆடிப் பட்டத்துக்கு ஐந்து சென்ட் தோட்டம்: மண், தண்ணீர், வெயில், பிறகு விதை

பாலக்கோட்டுக்கும் பாப்பாரப்பட்டிக்கும் இடையில், செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறம் கிழக்கு மேற்காக 60 அடியும் வடக்கு தெற்காக 36 அடியும் உள்ள இடத்தை, அதாவது ஏறக்குறைய ஐந்து சென்ட்டை, காய்கறிக்கென்றே விட்டிருக்கிறோம். சுற்றிலும் தக்காளி விளையும் ஊர் இது. பாலக்கோடு மண்டிக்கும் இராயக்கோட்டை மண்டிக்கும் பெட்டி பெட்டியாகத் தக்காளி போய்க்கொண்டே இருக்கும். விற்பனைக்குப் பயிர் செய்கிறவருக்கு ஒரே பயிர் ஒரே வாரத்தில் மொத்தமாகக் காய்க்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அது ஆகாது. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்குத் தினமும் ஒன்றரைக் கிலோ காய் போதும்; ஆனால் அது ஆவணி முதல் மாசி வரை விட்டுப்போகாமல் வர வேண்டும். இந்தத் தேவையை வைத்துக்கொண்டுதான் இந்த ஆண்டின் ஆடிப் பட்டத்துக்கான திட்டத்தைச் சித்திரையிலேயே போடத் தொடங்கினேன். ஆடி பிறந்த பிறகு விதைப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுவதில் பயனில்லை. மண்ணும் தண்ணீரும் வெயிலும் முடிவான பிறகுதான் எந்த விதை எங்கே போகும் என்பது தெரியும்.

முதல் வேலையாக, தைப் பட்டத்துப் பயிரின் காய்ந்த செடிகளை எடுத்தேன். அவற்றை அறுத்துப் போடாமல், ஈரம் வைத்து, மண்வெட்டியால் அடியோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். தோட்டத் திட்டத்தில் இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்று சொல்வேன், ஏனென்றால் மண்ணுக்குள் என்ன நடந்தது என்பதைச் செடியின் வேரைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது. மேற்கிலிருந்து நான்காவது பாத்தியிலும் ஐந்தாவது பாத்தியிலும் இருந்த தக்காளி வேர்களில், சிறு பட்டாணி அளவில் தொடங்கி நிலக்கடலை அளவு வரை, முடிச்சுகள் வரிசையாக இருந்தன. இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை; மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புழு அது. பக்கத்துப் பாத்தியில் தட்டைப்பயறு வேரிலும் முடிச்சுகள் இருந்தன. ஆனால் அவை கவலைப்பட வேண்டியவை அல்ல. இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. பயறு வகையின் வேர் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் தேய்த்தால் தனியே உதிரும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து வைக்கும் நுண்ணுயிர் அங்கே உயிரோடு வேலை செய்வதன் அடையாளம். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கிப் போனது. தேய்த்தால் உதிராது, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறுந்து வரும்.

இந்தப் பரிசோதனைதான் திட்டத்தின் முதல் கோட்டைப் போட்டது. முடிச்சு இருந்த இரண்டு பாத்திகளிலும் இந்தப் பட்டத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வராது. இவை மூன்றும் ஒரே குடும்பம் என்பதால், தக்காளிக்குப் பின் கத்தரி நடுவது பயிர் மாற்றம் ஆகாது. நூற்புழுவுக்கும் வாடல் நோய்க்கும் அது அதே வீட்டில் தொடர்ந்து சோறு போடுவதாகவே முடியும். வெண்டையும் இந்த நூற்புழுவுக்கு நன்றாகவே இடம் கொடுக்கும், ஆகவே அதையும் அங்கே தவிர்த்தேன். அந்த இரண்டு பாத்திகளுக்கும் செண்டுமல்லி என்று முடிவு செய்தேன். செண்டுமல்லி வேரிலிருந்து வெளிவரும் பொருள்கள் நூற்புழுவைக் குறைக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. ஆடியில் நாற்று நட்டால் ஆயுத பூஜைக்குப் பூவும் வரும். அந்த நாள்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செண்டுமல்லிக்கு எவ்வளவு தேவை என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரைக் கடைசியில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தது. அந்த ஈரத்திலேயே மண்ணைக் கொத்திவிட்டு, மேற்கு ஓரம் தவிரத் தோட்டம் முழுவதும் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்தேன். சணப்பு வேகமாக வளரும், களையை அமுக்கும், காற்றின் தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும், நூற்புழுவுக்கும் பிடிக்காத பயிர். தக்கைப்பூண்டும் நல்லதுதான் என்றாலும், தண்ணீர் தேங்காத எங்கள் மேட்டுச் செம்மண்ணுக்குச் சணப்பே பொருந்துகிறது. ஏறக்குறைய 45 நாளில், மஞ்சள் பூ முதலில் தலைகாட்டும் நேரத்தில், அதை மடக்கிவிட வேண்டும். பூ முற்றிக் காய் பிடிக்க விட்டால் தண்டு நாராகிவிடும். நார் ஆன தண்டு மக்க நாள் எடுக்கும், மக்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். ஆனி நடுவில் அரிவாளால் அறுத்துச் சாண் துண்டுகளாக்கி, மண்வெட்டியால் மண்ணுக்குள் புதைத்துத் தண்ணீர் விட்டேன். ஆடி முதல் வாரம் தோண்டிப் பார்த்தபோது தண்டுகள் கறுத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்துக்கு வந்திருந்தன. பசுந்தாள் புதைத்த இடத்தில் விதைக்கத் தொடங்க இதுவே சரியான பதம்.

சணப்பு விதைப்பதற்கு முன்பே மண் மாதிரியும் எடுத்துவிட்டேன். தோட்டத்தில் எட்டுப் பத்து இடங்களில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்து வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்தச் சரிவின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மீண்டும் கலந்து, அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறைத்துக்கொண்டு போக வேண்டும். எரு குவித்த இடத்திலும் வரப்பிலும் மரத்தடியிலும் எடுக்கக் கூடாது. நிழலில் உலர்த்திய மாதிரியைத் தருமபுரி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். முடிவில் மண் சற்றுக் களர்ப் பக்கம், அதாவது காரத்தன்மைப் பக்கம், சாய்ந்திருப்பதாக வந்தது, அதன் காரணம் எங்கள் ஆழ்துளைக் கிணற்றில்தான் இருக்கிறது.

இந்த மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். குடிநீருக்கு ஃப்ளோரைடுதான் பெரிய இடர். அதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, எங்கள் வீட்டிலும் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அந்தத் தண்ணீரே. தோட்டத்துக்கு ஆழ்துளைத் தண்ணீரைத் தவிர வழியில்லை. அது உப்புக் கலந்த கடினநீர். கோடை முழுவதும் அதையே பாய்ச்சினால் பாத்தியின் மேல் வெள்ளையாகப் படிவு தெரியும், மண்ணின் காரத்தன்மை கூடும், செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் கொழுந்து இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் நிற்கும். அந்த மஞ்சளைப் பார்த்து யூரியா போடுவதில் பயனில்லை. மக்கிய எருவும் பசுந்தாளும் மண்ணில் கூடக் கூட இது தணியும். மழைநீர் நன்றாக இறங்கி உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போனால் இன்னும் தணியும். மழைநீர் ஓடிப்போகாமல் இருக்க, நிலத்தின் சரிவுக்குக் குறுக்காகப் பாதைகளைச் சற்றுத் தாழ்த்தி வெட்டினேன். ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை பெறும் மாவட்டம் இது. அதில் பெரும்பகுதி ஆவணி முதல் ஐப்பசி வரை இறங்கிவிடுகிறது என்பதால், அந்த மூன்று மாதத்தில் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதே கோடைக்கான சேமிப்பு.

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எத்தனை பாத்தி போடலாம் என்பதை முடிவு செய்வது ஆசையல்ல, இந்தக் கணக்குதான். என் பாத்தி 20 அடி நீளம், 4 அடி அகலம். ஏழு சதுர மீட்டருக்குச் சற்று மேல். மழையில்லாத வெயில் நாளில் நன்கு வளர்ந்த காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர், என்று வைத்துக்கொண்டால், ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 36 லிட்டர். பத்துப் பாத்திக்கு 360 லிட்டர். பந்தலுக்கு 270 லிட்டர். கீரைக்கும் நாற்றுக்கும் ஒரு 100 லிட்டர். மொத்தம் 730 லிட்டர். மேடையில் இருப்பது 1,000 லிட்டர்த் தொட்டி, ஆகவே ஒரு முறை நிரப்பினால் ஒரு நாள் ஓடும். இதற்கு மேல் ஒரு பாத்தி கூட்டினாலும் சித்திரையில் இழுபறியாகும் என்பதால் பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சொட்டுநீர்க் குழாயில் ஒரு துளைக்கு மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருக்கும். அது மோட்டார் அழுத்தத்தில் கிடைப்பது. ஆறரை அடி உயர மேடையில் இருக்கும் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அந்த அழுத்தம் இல்லை. ஆகவே அச்சிட்டதை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். பாத்தியின் முதல் துளைக்குக் கீழும் கடைசித் துளைக்குக் கீழும் சிறு குழி பறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளரை வைத்து, 15 நிமிடம் விட்டேன். 4 லிட்டர்த் துளை என்றால் ஒரு லிட்டர் சேர வேண்டும். சேர்ந்ததோ 450 மி.லி. அளவுதான், கடைசித் துளையில் இன்னும் கொஞ்சம் குறைவு. அதாவது மணிக்கு 1.8 லிட்டர். ஒரு பாத்தியில் இரண்டு வரிசைக் குழாயில் 30 துளைகள் இருப்பதால் மணிக்கு 54 லிட்டர். 36 லிட்டர் இறங்க 40 நிமிடம் வேண்டும். அச்சிட்ட கணக்கை நம்பி 20 நிமிடத்தில் அடைத்திருந்தால் செடிக்குப் பாதித் தண்ணீர்தான் போயிருக்கும். பத்துப் பாத்தியையும் ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு வால்வு வைத்திருக்கிறேன். கடினநீர் என்பதால் வாரம் ஒரு முறை குழாயின் கடைமூடியைத் திறந்து வெள்ளைப் படிவை ஓடவிடுவது கட்டாயம்.

அடுத்தது வெயில். இங்கே பலர் பந்தலைக் கிணற்றுப் பக்கமோ வீட்டுப் பக்கமோ வசதிக்கேற்றபடி போட்டுவிடுகிறார்கள். பந்தல் எங்கே நிற்கிறது என்பதில்தான் மார்கழி, தை விளைச்சல் இருக்கிறது. நமது மாவட்டம் ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருக்கிறது. ஆடியில் நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆவணித் தொடக்கத்தில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு நாளுக்கு நாள் தெற்கே சாய்ந்து, மார்கழியில் உச்சியிலிருந்து 35 பாகைக்கு மேல் தெற்கே போய்விடும். ஆறரை அடி உயரப் பந்தலின் நண்பகல் நிழல் ஆடியில் தெற்கே ஒரு அடிதான் விழும். மார்கழியில் வடக்கே நாலரை அடிக்கு மேல் நீளும். தெற்கு ஓரத்தில் பந்தல் போட்டால் தக்காளிக்கும் அவரைக்கும் வெயில் மிகத் தேவைப்படும் மார்கழியில் அவற்றின் மேல் நிழல் போர்த்திவிடும். ஆகவே வடக்கு ஓரத்தில் பத்து அடி அகலத்துக்குப் பந்தல். அதன் தெற்கே இரண்டு அடிப் பாதை. ஆடியின் சிறு நிழல் அந்தப் பாதையிலேயே விழுந்துவிடும். பாதைக்குத் தெற்கே, வடக்கு தெற்காகப் படுக்கும் பத்துப் பாத்திகள், இடையே ஒன்றரை அடி நடைபாதை. தென்கோடியில் மிஞ்சும் நாலு அடியில் புதினா, கொத்தமல்லி, இஞ்சி போன்ற குட்டைப் பயிர்களும் மூலையில் எருக்குழியும்.

மேற்கில் ஐந்து அடி விட்டேன். ஆடிக்காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். மேற்கிலிருந்து நாள் முழுவதும் ஓயாமல் அடிக்கும் அந்தக் காற்று வெண்டையைச் சாய்க்கும், பீர்க்கங்கொடியின் நுனியை முறுக்கிப் போடும், பூவை உதிர்க்கும், மண்ணின் ஈரத்தையும் இழுத்துவிடும். அந்த ஐந்து அடியில் மூன்று வரிசை மக்காச்சோளம். காற்றைத் தடுப்பதோடு, வெள்ளை ஈ ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பறந்து வருவதையும் இந்த உயரமான வேலிப்பயிர் ஓரளவு தடுக்கிறது. மற்றப் பயிருக்கு முன்பே அது உயர்ந்திருக்க வேண்டும் என்பதால் ஆனித் தொடக்கத்திலேயே விதைத்துவிட்டேன். மாலை வெயிலில் சோளத்தின் நிழல் விழும் முதல் பாத்தியைக் கீரைக்கு ஒதுக்கினேன். அரைக்கீரையும் சிறுகீரையும் அந்த நிழலில் வாடாமல் நிற்கும்.

பந்தலுக்கு மரக்கால் ஊன்றவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கருங்கல் தூண் எளிதில் கிடைக்கும்போது கரையானுக்கு மரத்தைக் கொடுப்பானேன்? எட்டரை அடித் தூணில் இரண்டு அடி மண்ணுக்குள் போகும். பத்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, மொத்தம் 14 தூண்கள். நடுத்தூண்களை விட மூலைத்தூண்களிலேயே கவனம் வேண்டும்: கம்பியின் இழுப்பும் கொடியின் பாரமும் காற்றின் தள்ளலும் மூலையில்தான் சேரும். மூலைத்தூணை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து ஊன்றி, அதன் தலையிலிருந்து ஒரு தடித்த கம்பியை இறக்கி, மூன்றடி தள்ளிப் புதைத்த கல்லில் இழுத்துக் கட்டினோம். சுற்றுக்கு மொத்தமான ஜிஐ கம்பி, உள்ளே ஒன்றரை அடிக் கட்டமாக மெல்லிய கம்பி. காய்த்துத் தொங்கும் சுரையையும் மழையில் நனைந்த கொடியையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், இந்த வேலையில் சிக்கனம் செய்ய மனம் வராது.

இத்தனைக்கும் பிறகே காய்களின் பட்டியலை எழுதினேன். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, வாரத்தில் எது எத்தனை நாள் சமைக்கிறோம் என்று பேசி முடிவு செய்தோம். தினமும் தேவைப்படுவது தக்காளி, பச்சை மிளகாய், கீரை. வாரம் இரண்டு நாளுக்கு வெண்டை, கத்தரி, அவரை. ஒரு நாளுக்குப் பீர்க்கை, பாகல், புடலை, சுரை, கொத்தவரை, முள்ளங்கி. கத்தரிக்கு இரண்டடி இடைவெளி கொடுத்தால் ஒரு பாத்தியில் 20 செடி நிற்கும். ஐந்து பேருக்குப் பத்துச் செடி தாராளம். ஆகவே பாதிப் பாத்தி கத்தரி, பாதிப் பாத்தி மிளகாய். வெண்டையை 45 செ.மீ. வரிசையில் 30 செ.மீ. இடைவெளியில் போட்டால் பாதிப் பாத்திக்கு 30 செடி. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கச் சரியாக இருக்கும். விதைத்த 45 நாளில் காய்க்கத் தொடங்கி ஒன்றரை மாதத்தில் ஓய்ந்துவிடும் செடி அது. முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைத்தால் ஆவணிக் கடைசியில் வெண்டையைத் தவிர வேறு சமையலே இருக்காது, ஐப்பசியில் வெண்டையே இருக்காது. அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு பாதிப் பாத்தி என்று அடுக்கி விதைக்கிறேன். முள்ளங்கிக்கும் கீரைக்கும் இதே முறை, ஆனால் இடைவெளி இரண்டு வாரம்.

பழைய விதைகளை முளைப்புப் பார்க்காமல் போடுவதில்லை. ஈரத்துணியில் இருபது விதை வைத்துச் சுருட்டி, துணி காயாமல் பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து எண்ணினால் போதும். பதினாறுக்குக் குறைந்தால் அடர்த்தியைக் கூட்டுவேன், பத்துக்குக் குறைந்தால் புது விதை. தக்காளி, கத்தரி, கொடிவகை விதைகள் நன்றாகக் காயவைத்து மூடி வைத்தால் மூன்று நான்கு ஆண்டு தாங்கும். வெங்காய விதை ஓராண்டிலேயே சோர்ந்துவிடும். வெண்டைக்கு அர்கா அனாமிகா என்ற வகையை எடுத்தேன், ஏனென்றால் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமலை அது ஓரளவு தாங்கி நிற்கும். கொத்தவரைக்குப் பூசா நவ்பகார், தக்காளிக்கு பிகேஎம் 1. பழுத்த பிறகும் காம்புப் பக்கம் பச்சையாக நிற்கும் தட்டை உருண்டைப் பழம் அது, புளிப்பும் உண்டு, அதன் விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் போடுவது கடை விதையல்ல. பக்கத்து வீட்டு ஆயா கொடுத்த கொடி அவரை, கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராக இந்தப் பக்கம் நெடுநாளாக வருவது. விதை வாங்கப் போனபோது எப்போது போடலாம் என்று கேட்டேன். “ஆடியில போட்டாலும் சரி, ஆவணியில போட்டாலும் சரி தம்பி, பனி எறங்குனாத்தான் அது பூ எடுக்கும்” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. பழைய அவரை வகைகள் பகல் பொழுதின் நீளம் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தது ஐப்பசி வரை இலையும் கொடியுமாகவே பெருகி, பிறகே பூவுக்குத் திரும்பும். எனவே அதற்குப் பந்தலின் கிழக்குக் கோடியைக் கொடுத்தேன். ஆவணி, புரட்டாசியில் பீர்க்கையும் பாகலும் காய்த்து முடிக்கும்போது அவரைக் கொடி மெதுவாக மேற்கே படர்ந்து, மார்கழியில் அவை விட்டுச் சென்ற பந்தலைத் தானே எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் மாதங்களுக்கு, பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் குத்து அவரையை ஒரு பாத்தியில் போட்டிருக்கிறேன். பூக்காமல் இலையாகவே நிற்கிறதே என்று கொடி அவரையைப் புரட்டாசியில் பிடுங்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

பந்தல் பயிருக்கு ஆறடிக்கு ஒன்றாக ஒன்பது குழிகள், ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில். வெட்டும்போதே மேல்மண்ணை ஒரு பக்கமும் அடியிலிருந்து வரும் சரளையை இன்னொரு பக்கமும் போட்டு, சரளையைப் பாதைக்கு எடுத்துக்கொண்டேன். மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் அமிழவிட்டேன். மூன்று குழி பீர்க்கை, இரண்டு பாகல், இரண்டு புடலை, ஒன்று சுரை, கடைசி அவரை. பாகல், புடலை விதைகளின் ஓடு தடிப்பானது. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஈரச்சாக்கில் மூடி வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் குழிக்கு ஐந்து என்று விதைத்தேன். இரண்டு வாரத்தில் திடமான இரண்டு செடியை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும் என்பதால் கிள்ளுவதே நல்லது.

கொடி காய்க்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் பூ விரியும் நேரத்தைப் பார்க்க வேண்டும். பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும். அப்போது தேனீ வரும். பீர்க்கையும் சுரையும் மாலையில் விரியும்; அந்த நேரத்தில் தேனீ அடங்கிவிட்டிருக்கும், அந்திப்பூச்சிகளே துணை. அவை போதாத தோட்டத்தில், பொழுது சாய்ந்த பிறகு ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை மடக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் பிஞ்சு நிற்கும். பெண்பூவின் அடியில் விரல் நுனி அளவில் பிஞ்சு இருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். முதல் இரண்டு வாரம் ஆண்பூவே வரும் என்பதையும் தெரிந்துகொண்டால் வீண் கவலை இல்லை.

நாற்றுகளைக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து விட்டேன். நாற்றின் வயது பயிருக்குப் பயிர் மாறும்: தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 முதல் 45. மூன்றையும் ஒரே நாளில் நட வேண்டுமானால் மிளகாயை முதலிலும் தக்காளியைக் கடைசியிலும் விதைக்க வேண்டும். தட்டின் மேல் நெருக்கமான நைலான் வலை கட்டாயம். இலைச்சுருட்டை நோயை வெள்ளை ஈ பெரும்பாலும் இளம் செடியிலேயே ஏற்றிவிடுகிறது; பிறகு எந்த மருந்தும் அதை எடுக்காது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பு வலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கினேன். நட்ட அன்று மாலையே பாத்தி முழுவதும் காய்ந்த கொள்ளுச் செடியும் கேழ்வரகுத் தாளும் மூடாக்காகப் பரப்பினேன். செம்மண்ணில் மூடாக்கு இல்லாத பாத்தி ஒரே வெயிலில் ஓடுபோல் இறுகிவிடுகிறது. மூடாக்கின் அடியில் மாலை வரை விரல் இறங்கும் ஈரம் நிற்கிறது.

மயில்கள் இந்தப் பக்கம் பெருகிவிட்டன. முளைக்கும் விதையையும் இளம் நாற்றையும் அவை விடுவதில்லை. முதல் மூன்று வாரத்துக்குப் பழைய மீன்வலையைப் பாத்தியின் மேல் வளைத்த குச்சிகளில் இழுத்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தக்காளியை மட்டும் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஆடி நாற்றில் அரைப் பாத்திதான், 13 செடி. அது காய்க்கும் புரட்டாசி, ஐப்பசியில் மழை விடாமல் பெய்யும். இலைக்கருகல் வரும், பழம் வெடிக்கும். பெரிய நடவு புரட்டாசிக் கடைசியில் விதைத்து ஐப்பசிக் கடைசியில் நடுவது; மழை ஓய்ந்த பின் பூத்து, மார்கழி வெயிலில் காய் திரண்டு, தை, மாசியில் பழம் வரும். அதற்கான இரண்டு பாத்திகளில் இப்போது கொத்தவரையும் தட்டைப்பயறும் நிற்கின்றன. அவை முடிந்ததும் வேரைப் பிடுங்காமல் தண்டை மட்டும் மண்மட்டத்தில் அறுத்துவிட்டு, அந்த வேர்களுக்கு நடுவிலேயே தக்காளி நாற்றை நடப் போகிறேன். செண்டுமல்லி ஆயுத பூஜையோடு முடிந்த பிறகு அந்த இரண்டு பாத்தியிலும் செடியை அறுத்து மண்ணிலேயே புதைத்து, சின்ன வெங்காயமும் முள்ளங்கியும் வரும். தக்காளிக்கு அந்த இரண்டு பாத்திகள் மீண்டும் திறக்குமா என்பதை, மாசியில் அங்கே சோதனைக்காக வைக்கும் இரண்டு தக்காளிச் செடிகளின் வேரைப் பெயர்த்து அலசிப் பார்த்த பிறகே முடிவு செய்வேன்.